நாற்பதைத் தாண்டினால் நாள் கணக்கு முக்கியம்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, பாம்பன் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும், நாற்பது வயதுக்கு மேல் குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் சொல்லும் கணக்கு ஒன்றுதான். "பதினாலாம் நாள்னு சொன்னாங்க டாக்டரம்மா, அப்படித்தான் இருக்கோம். ஆனா தங்கமாட்டேங்குது." பல வீடுகளில் மாதக்கணக்கான முயற்சி வீணாவது இந்த இடத்தில்தான்.

மாதவிலக்குத் தொடங்கியதிலிருந்து பதினாலாம் நாள் சேர வேண்டும் என்ற கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவர்களுக்கு. நாற்பதை நெருங்கும்போது சுழற்சி சுருங்கும். 28 நாள் 26 ஆகும், பிறகு 24 ஆகும். "மாசா மாசம் ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுது" என்று பெண்கள் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான். கருமுட்டை பொதுவாக அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு வெளியேறும். 24 நாள் சுழற்சியில் அது பத்தாம் நாள். வெளியேறிய முட்டைக்கு உயிர் 12 முதல் 24 மணி நேரம்தான். ஆணின் உயிரணு பெண் உடலில் ஐந்து நாள்வரை தாங்கும். அப்படியானால் இவர்களுக்கு அதிகப் பலன் தரும் நாட்கள் எட்டு, ஒன்பது, பத்து. பதினாலாம் நாள் சேரும்போது முட்டை போய் நான்கு நாளாகியிருக்கும்.

சிலர் தலைக்குக் குளித்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணுகிறார்கள். ஐந்தாம் நாள் குளித்தவருக்கு அவர் எண்ணும் 'பதினாலு' உண்மையில் பதினெட்டாம் நாள். கறை மட்டும் பட்ட நாளையும் சேர்க்கக் கூடாது. உதிரம் முழுதாகப் போகத் தொடங்கிய நாளே முதல் நாள். சமையலறைக் காலண்டரில் மூன்று மாதம் அந்த நாளை வட்டமிட்டு, வரும்போது காலண்டரையே கொண்டுவாருங்கள். பெரிய ஸ்கேனை விட அது சில நேரம் கூடுதலாகச் சொல்லும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் சபுராளிகள் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாக வேண்டும். ஓர் உதாரணம். மனைவிக்கு 24 நாள் சுழற்சி, மார்ச் 1 மாதவிலக்கு. கணவருக்கு 45 நாள் விடுப்பு. அவர் மார்ச் 11 வந்து ஏப்ரல் 24 கிளம்பினால், இடையில் கிடைப்பது ஏப்ரல் 1 முதல் 3 வரை ஒரே வாய்ப்பு. அடுத்தது ஏப்ரல் 25இல் தொடங்கும், அவர் போன மறுநாள். அதே 45 நாளை மார்ச் 7 முதல் எடுத்திருந்தால் மார்ச் 8-10, ஏப்ரல் 1-3 என்று இரண்டு வாய்ப்பு. டிக்கெட்டை நான்கு நாள் முன்னே போட்டதில் கிடைத்தது ஒரு முழு மாதம். விமானம் பதிவு செய்யும்முன் மனைவியிடம் தேதி கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெளியேறும் நாளைக் காட்டும் பட்டை உதவும். மதியம் முதல் மாலைக்குள் எடுத்த சிறுநீரில், அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகத் தண்ணீர் குடிக்காமல் பாருங்கள். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாக இருந்தால், அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். மங்கலான கோட்டுக்குப் பலன் இல்லை. நம் கடற்கரை ஈரக்காற்றில் உறையைப் பிரித்து வைத்த பட்டை கெட்டுவிடும், சோதிக்கும்போது மட்டும் பிரியுங்கள். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் பட்டை தினமும் அழுத்தமாகக் காட்டி ஏமாற்றலாம். அவர்களுக்கு ஸ்கேனில் முட்டை வளர்ச்சியைப் பார்ப்பதுதான் சரி.

இவ்வளவு நாள் கணக்கு எதற்கு? ஒரு பெண் பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம் இருக்கும். 37 வயதில் சுமார் 25,000. மாதவிடாய் நிற்கும்போது ஆயிரம் போல. புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. எண்ணிக்கையை விடப் பெரிய சிக்கல் தரம். நாற்பது வருடம் காத்திருந்த முட்டை பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படாமல் போகின்றன. 30 வயதில் ஒரு மாதத்தில் கரு தரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்றால், 40இல் அது 5 அல்லது அதற்கும் கீழே. தரித்தாலும் மூன்றில் ஒன்று முதல் பாதிவரை கலைந்துவிடும்.

கலைந்தது எதனால் என்று வீட்டில் நடக்கும் விசாரணை மனதை வருத்துகிறது. ஆட்டோவில் போனதால், குடம் தூக்கியதால், பப்பாளி தின்றதால் என்று மருமகள்மேல் பழி விழுகிறது. இந்த வயதில் கலைவதற்கு முக்கியக் காரணம் முட்டையிலேயே இருந்த குரோமோசோம் பிழை. கலைந்தவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. மாமியார்மார் இதைப் படித்தால் நல்லது.

35க்குக் கீழே ஒரு வருடம் முயன்று பார்க்கலாம், 35க்கு மேல் ஆறு மாதம். நாற்பதுக்கு மேல் காத்திருப்பு என்று ஒன்று கிடையாது. முயற்சியும் பரிசோதனையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். திருப்புல்லாணியில் பால் பாயசம் வாங்கிச் சாப்பிடுங்கள், ஏர்வாடியில் நேர்ச்சை வையுங்கள், அக்னி தீர்த்தத்தில் நீராடுங்கள். அந்த நம்பிக்கை தரும் தெம்பு பெரிது. ஆனால் நேர்ச்சை பலிக்கட்டும் என்று இரத்தப் பரிசோதனையை ஒத்திப்போட வேண்டாம். இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கலாம்.

பரிசோதனைகளுக்கு நாள் உண்டு. மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடையால் என்ற இரண்டு ஹார்மோன்களுக்கு இரத்தப் பரிசோதனை. அதே நாட்களில் உள்வழி ஸ்கேனில் சினைப்பையில் எத்தனை சிறு முட்டைப்பைகள் என்று எண்ணுவது. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் பரிசோதனையை எந்த நாளும் எடுக்கலாம். இது மில்லிக்கு 1.1 நானோகிராமுக்குக் கீழே என்றால் இருப்பு குறைவு என்று பொருள், குழந்தையே பிறக்காது என்று பொருள் அல்ல. அது எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தைராய்டு, பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, ஹீமோகுளோபின், இரத்த வகை, ருபெல்லா எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றையும் கூடவே பார்த்துவிடலாம். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி. படம் 6 முதல் 11ஆம் நாளுக்குள். நம் நாட்டில் வெளித்தெரியாத காசநோயே குழாயை அடைத்துவிடுவதுண்டு. குழாய் அடைபட்டிருக்க, அது தெரியாமல் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவது வெறும் கால விரயம்.

"கர்ப்பப்பையைக் கிளீன் பண்ணிட்டா தங்கிடும்" என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். மாதவிலக்கே அந்த வேலையைச் செய்கிறது. திரும்பத் திரும்பச் சுரண்டினால் உட்சுவர் ஒட்டிக்கொண்டு, கரு ஒட்ட இடமில்லாமல் போகும். நார்த்திசுக் கட்டி என்றவுடன் அறுவைச் சிகிச்சைக்கு ஓடவும் வேண்டாம். கருப்பையின் உள்ளறைக்குள் துருத்தும் கட்டிதான் பெரும்பாலும் தடை. வெளிப்புறம் இருக்கும் சிறு கட்டியை எடுத்து, தழும்பு ஆறக் காத்திருக்கும் மாதங்கள் இந்த வயதில் திரும்பக் கிடைக்காது.

கணவரின் விந்துப் பரிசோதனை முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். மனைவிக்கு எல்லாப் படமும் எடுத்து முடித்து, கடைசியில் கணவரிடம் வருவது தலைகீழ் வழி. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். வெகுநாள் இடைவெளிக்குப் பிறகு ஊர் வந்தவர் முதல் நாளே கொடுத்தால் அசைவு குறைவாகத் தெரியும், ஒருமுறை சேர்ந்துவிட்டு, அதிலிருந்து மூன்று நாள் கழித்துக் கொடுக்கட்டும். சோப்பு, எண்ணெய், ஆணுறை எதுவும் கூடாது. முதல் துளியில்தான் உயிரணு அதிகம், அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதால், ராமேஸ்வரத்தில் வீட்டில் எடுத்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோவது சரிவராது. ஆய்வகத்திலேயே கொடுப்பது நல்லது. ஒரு மில்லியில் 1.6 கோடி உயிரணு, 42 சதவீத அசைவு என்பவை உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ் எல்லைகள். உயிரணு உருவாகி முதிர இரண்டரை மூன்று மாதம் ஆகும். ஆகவே போன மாதம் வந்த டெங்குக் காய்ச்சல் இந்த மாத அறிக்கையைக் கெடுக்கும். புகை, பாக்கு, உடற்பயிற்சிக் கூடத்தில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி மூன்றையும் இன்றே நிறுத்தினாலும் பலன் தெரிய மூன்று மாதம். அந்த ஊசி உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். கரையில் இருக்கும் அந்த 61 நாளில் இரண்டு பேர் பரிசோதனையையும் முடித்து, இரண்டு சுழற்சி முயற்சியும் செய்துவிடலாம். பாசி எடுக்கப் போகும் பெண்கள், கடலுக்குப் போகாத நாட்களோடு தேதியைப் பொருத்திக்கொள்ளுங்கள். சபுராளிகளுக்கு இன்னொரு வழி, கிளம்பும்முன் விந்தை உறையவைத்துப் போவது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைக் கிருமிகளுக்கு இரத்தப் பரிசோதனையும் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். உறைந்து உருகும்போது அசைவு பாதியளவு குறையக்கூடும், அதனால் இரண்டு மூன்று முறை கொடுத்து வைப்பது நல்லது. சட்டப்படி 10 ஆண்டுவரை சேமிக்கலாம்.

இனி மாத்திரைகள். நாற்பதைத் தாண்டியவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள். அழுத்தத்துக்கான டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில் இவை வளரும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினையும் பொதுவாக நிறுத்துவோம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அழுத்தம் எகிறும். குழந்தைக்கு முயல்கிறோம் என்று சொன்னால் லேபெட்டலால், நிஃபெடிபின் போன்றவற்றுக்கு மாற்றித் தருவார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கரு தரிப்பது குழந்தைக்குப் பாதுகாப்பு. ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே. சர்க்கரை, வலிப்பு மருந்து, முன்பு முதுகெலும்புக் குறையோடு பிறந்த குழந்தை ஆகியவை இருந்தால் 5 மில்லிகிராம்.

மீனை நிறுத்த வேண்டியதில்லை. நெத்திலி, சாளை, காரல் தாராளமாகச் சாப்பிடலாம். சுறா, பெரிய சூரை, மயில்மீன் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும், கருவுற முயலும்போதும் கர்ப்பத்திலும் தவிருங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு என்பது நம் வழக்கம் என்றாலும் இப்போது வேண்டாம். அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டைக் குறைக்க வேண்டும்.

சிகிச்சையைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரை, விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. என்று நாற்பதுக்கு மேல் இரண்டு மூன்று சுழற்சிக்கு மேல் இழுக்கக் கூடாது. சொந்த முட்டையில், உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். செய்தால் 40-42 வயதில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் குழந்தையோடு வீடு போவார்கள். 44ஐத் தாண்டினால் ஐந்துக்கும் கீழே. ஐ.வி.எஃப். முட்டையை இளமையாக்காது. இளம் பெண்ணின் தானமுட்டை என்றால் வாய்ப்பு மூன்றில் ஒன்று முதல் பாதிவரை உயரும். அதை ஏற்பதா வேண்டாமா என்பது அவரவர் மனமும் மார்க்கமும் சார்ந்தது, யாரும் வற்புறுத்தக் கூடாது. 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுக்குள்தான் சிகிச்சை. முட்டை தானம் தரும் பெண்ணுக்கு வயது 23 முதல் 35, வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம். லெவல் 1 பதிவு பெற்ற மையத்தில் ஐ.யு.ஐ. மட்டுமே செய்யலாம், ஐ.வி.எஃப்.க்கு லெவல் 2 வேண்டும். மையத்தில் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "என் வயதில், சொந்த முட்டையில், எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?" என்று கேளுங்கள். எத்தனை பேருக்குக் கரு தங்கியது என்ற பதில் போதாது. நகையை அடகு வைக்கும்முன் இந்தப் பதில் கையில் இருக்க வேண்டும்.

தத்தெடுக்க நினைப்பவர்களுக்கும் வயது ஓடுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு கணவன் மனைவி இருவர் வயதும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. சிகிச்சை நடக்கும்போதே இதை யோசித்து வைக்கலாம்.

நாள் தள்ளிப்போனால் "நிற்கப் போகுதுபோல" என்று விட்டுவிடாதீர்கள். நாற்பதுக்கு மேலும் முதலில் பார்க்க வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. முழுகாமல் இருப்பது உறுதியானால் 6, 7 வாரத்தில் ஸ்கேன். வயது கூடக்கூட குழாயில் கரு தங்கும் ஆபத்தும் கூடும். அடிவயிற்றில் ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி விழுதல் இருந்தால் கஷாயம் வைக்கக்கூட நேரமில்லை, உடனே 108ஐ அழையுங்கள். டவுன் சிண்ட்ரோம் 40 வயதில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று, 45இல் முப்பதில் ஒன்று. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும், 18-20 வாரத்து உறுப்பு ஸ்கேனும் தவறக் கூடாது. முதல் வருகையிலும் 24-28 வாரத்திலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். முதல் பிரசவம் என்றால், அழுத்தம் ஏறாமலிருக்க 12ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று கேளுங்கள்.

இந்த வயதில் 40 வாரத்தைத் தாண்ட விடுவதில்லை. 39ஆவது வாரத்தில் பிரசவத்தைத் திட்டமிடுவது வழக்கம். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் 37ஆவது வாரம் முடியும்போதே துணிப்பையைக் கட்டிக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கம், ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்கிவிடுங்கள். பையில் எல்லா ஸ்கேன் அறிக்கையும், இரத்த வகை எழுதிய அட்டையும், இரத்தம் தர முன்வந்த இருவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.