33,550,336: ஐந்தாவது நிறைவெண்

ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை எண்ணைவிடச் சிறிதானால் அது குறைவெண், பெரிதானால் மிகையெண், அதே எண் வந்தால் நிறைவெண். 6 = 1 + 2 + 3. பிறகு 28, 496, 8128. முதல் நான்கும் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு இலக்கங்கள். அடுத்தது என்னவாக இருக்கும் என்று வெள்ளவத்தையில் என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், "ஐந்து இலக்கம், சேர்!" என்பார்கள். ஏறத்தாழ கி.பி. 100இல் வாழ்ந்த கிரேக்கர் நிகோமாக்கஸும் அப்படித்தான் நம்பினார். ஆனால் ஐந்து, ஆறு, ஏழு இலக்கங்களில் நிறைவெண் ஒன்றுகூட இல்லை. அடுத்தது எட்டு இலக்கத்தில் நிற்கிறது: 33,550,336.

இதைக் காரணிப்படுத்தினால் 4096 × 8191. 4096 என்பது 2இன் 12ஆம் வலு. 8191 ஒரு முதன்மை எண். எனவே காரணிகள் மொத்தம் 26. 1, 2, 4 என்று 4096 வரையுள்ள பதின்மூன்றையும் கூட்டினால் 8191 வருகிறது. எஞ்சியவை 8191இன் மடங்குகள். எண்ணையே விட்டுவிட்டால் அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டையும் சேர்த்தால் 8191 × 4096, அதாவது தொடங்கிய எண்ணேதான்! யூக்கிளிட் கண்ட வழி இது. இரட்டை நிறைவெண்கள் எல்லாமே இந்த வடிவில்தான் அமையும் என்பதை ஒயிலர் பதினெட்டாம் நூற்றாண்டில் நிறுவினார். ஒற்றை நிறைவெண் ஒன்றை இதுவரை எவரும் கண்டதில்லை. இல்லவே இல்லை என்று நிறுவியதும் இல்லை.

ஆக, எல்லாம் 8191 முதன்மை எண்ணா என்பதில் தங்கியிருக்கிறது. அதன் வர்க்கமூலம் 90ஐச் சற்றே தாண்டுவதால், 89 வரையுள்ள 24 முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. 8191 = 2¹³ − 1. இதன் முதன்மைக் காரணி எதுவானாலும் அதை 26ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும். 89க்குள் அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 53, 79 மட்டுமே. 53ஆல் வகுத்தால் மீதி 29, 79ஆல் வகுத்தால் மீதி 54. இரண்டே வகுத்தல்களில் வேலை முடிந்தது. கணிதத்தில் இதைவிட அழகான சிக்கனத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அதே வடிவம் இந்த எண்ணுக்கு வேறு பண்புகளையும் தருகிறது. 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டுமே கொண்ட துவித முறையில் எழுதினால் பதின்மூன்று 1, பின்னால் பன்னிரண்டு 0. 1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதே எண் வருவதால் இது முக்கோணி எண், அதாவது முக்கோணமாக அடுக்கக்கூடிய எண். காலிமுகத்திடலில் முதல் வரிசையில் ஒருவர், அடுத்ததில் இருவர் என நிறுத்தி, வரிசைக்கு வரிசை அரை மீற்றர் விட்டால், 8191ஆம் வரிசை கொள்ளுப்பிட்டியையும் தாண்டிவிடும். 1³ + 3³ + 5³ என்று 127³ வரை கூட்டினாலும் இதே விடைதான். இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, அதுவும் நிறைவெண். ஆனால் அது தசம முறையில் எழுதுவதால் நேர்ந்த தற்செயல். 496இன் இலக்கங்களைக் கூட்டினால் 19தான்.

நிறைவெண்கள் 6, 8 என்று மாறி மாறி முடியும் என்றும் நிகோமாக்கஸ் கருதினார். ஐந்தாவது 6இல் முடிகிறது. ஆறாவது 8,589,869,056, அதுவும் 6இல்தான் முடிகிறது.