ஐடென்டிட்டி கிரைசிஸ்: நெருக்கடியா, திருப்புமுனையா?

ஐடென்டிட்டி கிரைசிஸ்: நான் யார், எதை நம்புகிறேன், எந்த வேலையில் நிற்கப் போகிறேன் என்பவற்றுக்கு அதுவரை இருந்த பதில் போதாமல் போய், வேறு பதிலைத் தேடி எடுக்க வேண்டி வரும் வளர்ச்சிக் கட்டம். வளரிளம் பருவத்தோடு சேர்த்துப் பேசப்படுவது, அதோடு முடிந்துவிடுவதில்லை. தமிழில் ‘அடையாள நெருக்கடி’ என்று வழங்குகிறது. அந்த வழக்கு பாதிதான் சரி.

இந்தத் தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை தெரியாதவர். தாயை மணந்த ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவரின் பெயரோடு வளர்ந்தார். யூதக் குடும்பத்தில் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்ததால், தொழுகைக் கூடத்தில் அந்நியன் என்றார்கள். பள்ளியில் யூதன் என்றார்கள். அமெரிக்கா போய் 1939இல் குடியுரிமை பெற்றபோது எரிக்சன், அதாவது ‘எரிக்கின் மகன்’, என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். இவரை விட்டால் வேறு யார் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் சொல் முதலில் ஒட்டியது வேறிடத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மவுண்ட் சயான் மருத்துவமனையில் அவர் பார்த்த போர்வீரர்கள் சிலருக்குப் பெயர் நினைவிருந்தது, ஊர் நினைவிருந்தது. போருக்கு முன்பிருந்த ஆளும் தானும் ஒருவரே என்ற உணர்வு மட்டும் அறுந்திருந்தது. அதற்கு வைத்த பெயர்தான் இது. நோயில்லாத இளைஞர்களிடமும் இதன் மென்மையான வடிவத்தைக் கண்டு, வளர்ச்சியின் இயல்பான பகுதியாக அதை விரித்தது பிறகு.

ஐடென்டிட்டியின் வேர் லத்தீன் ‘இடெம்’. ‘அதுவே’ என்று பொருள். நேற்றைய நான், இன்றைய நான், மற்றவர் கண்ணில் படும் நான் மூன்றும் ஒரே ஆள் என்ற தொடர்ச்சிதான் எரிக்சன் சொல்வது. தமிழில் ‘அடையாளம்’ என்றால் பிறர் நம்மைக் கண்டுகொள்ள உதவும் குறி: மச்சம், தழும்பு, அட்டை. ஆகவே உளவியலில் ‘தன்னடையாளம்’ என்றால் பொருள் உள்பக்கம் திரும்பும்.

கிரைசிஸில்தான் வம்பு. கிரேக்க ‘க்ரிசிஸ்’ என்பதற்குப் பிரித்தறிதல், தீர்ப்பு என்று பொருள். பழைய கிரேக்க மருத்துவர்கள், காய்ச்சல் உச்சத்துக்கு ஏறி, இறங்குமா ஆளைக் கொண்டுபோகுமா என்று தீர்மானமாகும் கட்டத்தை அப்படி அழைத்தார்கள். எரிக்சன் எடுத்துக்கொண்டது இந்தப் பொருளை: இரண்டு பக்கமும் போகக்கூடிய, தவிர்க்க முடியாத திருப்பம். பேரழிவு என்ற நினைப்பு வேண்டாம் என்று அவரே எழுதியிருக்கிறார். ‘நெருக்கடி’யோ வெளியிலிருந்து அமுக்குவது: பண நெருக்கடி, இட நெருக்கடி, 1975இன் நெருக்கடி நிலை. பல்லைக் கடித்துக் கடந்துவிட்டால் பழையபடி ஆகலாம். அதில் தேர்வு இல்லை. ஜோசியர் சொல்லும் ‘கண்டம்’ கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் கண்டத்தில் தப்பலாமே ஒழிய வளர முடியாது. எனவே எரிக்சன் பொருளுக்கு ‘தன்னடையாளத் திருப்புமுனை’ என்பதே எங்கள் பரிந்துரை.

சொந்த வளர்ப்போடு பொருத்திப் பார்க்க எரிக்சன் மட்டும் போதாது. அவர் அளவுகோல் தரவில்லை. அதைத் தந்தவர் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா. 1966இல் வெளியான ஆய்வில் 86 கல்லூரி மாணவர்களிடம் தொழில், மதம், அரசியல் மூன்றைப் பற்றியும் பேட்டி எடுத்தார். பார்த்தது இரண்டே விஷயம்: மாற்று வழிகளைத் தேடிப் பார்த்தார்களா? இப்போது ஒன்றில் பிடிப்போடு இருக்கிறார்களா? இரண்டையும் சேர்த்தால் நான்கு நிலைகள். தேடலும் பிடிப்பும் இல்லாதது டிஃப்யூஷன், ‘சிதறல்’ எனலாம். தேடாமலே பிடித்துக்கொண்டது ஃபோர்குளோஷர். நம் வங்கிகளில் இந்தச் சொல்லுக்குக் கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது என்று பொருள். அமெரிக்காவில் அடகு வீட்டை மீட்கும் உரிமையே அடைபட்டுப் போவது. மார்சியா சொல்வது அடைபடுவதை, ‘முன்னடைப்பு’ பொருந்தும். தேடல் நடக்கிறது, பிடிப்பு இன்னும் வரவில்லை என்றால் மொரட்டோரியம். 2020இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைக்குத் தந்தபோது எல்லோர் வாயிலும் புகுந்த அதே சொல்தான். தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்பு. பெரியவர்களுக்குரிய பொறுப்புகளைச் சமூகம் இளைஞருக்குத் தள்ளிவைத்துத் தரும் காலம் என்ற பொருளில் எரிக்சன் இதைக் கையாண்டார். ‘தேடல் அவகாசம்’ சரியாக வரும். தேடி முடித்து ஒன்றில் நிற்பது அச்சீவ்மென்ட். ‘சாதனை’ என்று பெயர்த்தால் கோப்பை வாங்கியது போலாகிவிடும், ‘கண்டடைவு’ போதும்.

செய்முறைக்கு வருவோம். ஒரு தாளில் தொழில், மதம், அரசியல், உறவு என்று நான்கு வரிசை. 16, 18, 22, 25 என்று நான்கு வயதுப் பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் தேடல் உண்டா, பிடிப்பு உண்டா என்று குறிக்க வேண்டும். தேடல் என்று எழுத, செய்த காரியம் ஒன்றாவது இருக்க வேண்டும்: அந்தத் தொழிலில் இருப்பவரிடம் பேசியது, பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தது, வேறொரு நுழைவுத் தேர்வு எழுதியது. மனதுக்குள் ஆசைப்பட்டது கணக்கில் வராது. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இருபது விருப்பங்கள் நிரப்பியிருக்கலாம், இருபதும் கம்ப்யூட்டர் சயின்ஸ், கல்லூரி மட்டும் வேறு என்றால், தேடியது கல்லூரியை, தொழிலை அல்ல. அந்தக் கட்டம் முன்னடைப்பு. பிடிப்பைச் சோதிக்க மார்சியாவின் பேட்டியிலேயே நல்ல கேள்வி உண்டு: இதைவிட நல்லது ஒன்று வந்தால் விட்டுவிடுவீர்களா? ‘மாட்டேன், சின்ன வயதிலிருந்தே இதுதான்’ என்ற பட்டென்ற பதில் பெரும்பாலும் முன்னடைப்பு. ‘யோசிப்பேன், ஆனால் விடுவது சந்தேகம், அதையெல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று’ என்பது கண்டடைவு. ‘எது நல்லதோ அதற்குப் போகவேண்டியதுதான்’ என்பது சிதறல்.

பிழை அதிகம் நேர்வது நினைவை நம்புவதால். மனநல மருத்துவர் டேனியல் ஆஃபரும் குழுவினரும் 14 வயதில் பேட்டி கண்ட ஆண்களை 48 வயதில் மறுபடி சந்தித்து, அன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். பதில்கள் பூவா தலையா போட்டுப் பார்த்ததைவிடப் பெரிதாகத் தேறவில்லை. ஆகவே தாளை நிரப்பும்போது அந்தந்த வயதிலேயே எழுதப்பட்டது ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டும்: விண்ணப்பப் படிவம், டைரி, பழைய மின்னஞ்சல், நோட்டின் கடைசிப் பக்கம். எதுவும் கிடைக்காத கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இன்று நல்ல வேலையில் இருப்பவர் கடந்த காலத்தில் தேடலை வலிய நுழைப்பார். வேலை பிடிக்காதவர் எல்லாவற்றையும் அப்பா தலையில் கட்டுவார்.

அடுத்த பிழை, ஆளுக்கு ஒரு முத்திரை குத்துவது. ஒரே ஆள் தொழிலில் கண்டடைவிலும் மதத்தில் முன்னடைப்பிலும் அரசியலில் சிதறலிலும் இருக்கலாம்; பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறோம். முன்னடைப்பைத் தோல்வி என்று படிப்பதும் தவறு. மார்சியாவின் ஆய்வுகளில் பதற்றம் குறைவாக இருந்தது முன்னடைப்புக்காரர்களுக்கு. கூடுதலாக இருந்தது தேடல் அவகாசத்தில் இருந்தவர்களுக்கு. குடும்பத் தொழிலை எடுத்து நிம்மதியாக நடத்துகிறவரிடம் ‘நீங்கள் தேடவே இல்லையே’ என்று உளவியல் பேசுவது அதிகப்பிரசங்கம். முதல் ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்; தேடுவதற்குக் காசும் காலமும் வாய்த்தவர்கள்.

நான்கு நிலைகளும் படிக்கட்டு அல்ல. கண்டடைந்தவரே வேலை போனால், மணமுறிவு வந்தால், நாடு மாறினால் மறுபடி தேடலுக்குப் போவார், மறுபடி கண்டடைவார். மொரட்டோரியம், அச்சீவ்மென்ட் இரண்டின் ஆங்கில முதலெழுத்துகளையும் மாற்றி மாற்றி அடுக்கி ஆய்வாளர்கள் இதற்கு ‘மாமா சுழற்சி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் வகுப்பில் சிரிக்காமல் சொல்வது கடினம். பாடநூல் அட்டவணைகள் 12 முதல் 18 வயது என்று எல்லை போட்டாலும், பலருக்கு உண்மையான தேடல் தொடங்குவதே இருபதுகளில். உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் 18 முதல் 25 வரையான வயதுக்குத் தனிப் பருவமாகப் பெயர் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேச்சு வழக்கில் ‘எனக்கு ஐடென்டிட்டி கிரைசிஸ்’ என்பவர்களில் பலர் சொல்ல வருவது திருப்புமுனையை அல்ல. தன்னடையாளத்துக்கு எதிர்முனையில் எரிக்சன் வைத்த குழப்பத்தை. அங்கே ‘அடையாளக் குழப்பம்’ என்றே எழுதலாம். மொழி, சாதி, இனம் சார்ந்த அரசியல் கட்டுரைகளில் ‘அடையாளச் சிக்கல்’ வேரூன்றிவிட்டது. அதை அசைக்க வேண்டாம். கூட்டணி மாறிய கட்சி தன் கொள்கை எதுவென்று விளக்க முடியாமல் திணறுகிறது என்று செய்தி எழுதும்போது ‘அடையாள நெருக்கடி’ தாராளமாக வரலாம், வெளியிலிருந்து அமுக்குவது அங்கே நிஜமாகவே இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்தச் சொல்லை எடுக்க வேண்டாம்.