மாதவிடாய் நிற்பது கடும் பயிற்சிக்குக் கிடைத்த பதக்கம் அல்ல

"லேசான வலிதான் டாக்டர், சனிக்கிழமை ஷோ முடியிற வரைக்கும் தாங்கினா போதும்." இந்த சீசனிலும் இதே வசனத்தோடு ஒரு பெண் வந்தாள். தொழில்முறை பாலே குழுவில் சேர்ந்து இரண்டாவது வருடம். பாதத்தில் இரண்டாம் விரலோடு சேரும் நீள எலும்பின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. பாலே ஆடுபவர்களைப் பரிசோதிக்கும்போது முகத்தை நம்பாதே, கையைப் பார் என்று என் ஜூனியர்களுக்குச் சொல்வேன். மேடையில் வலியை மறைத்துச் சிரிக்கப் பழகிய முகம் அது.

எம்ஆர்ஐயில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் விரிசல். பாயின்ட் ஷூவில் நுனிக்காலில் நிற்பவர்களுக்கு அதிகம் அடிவாங்கும் இடம்தான். எனக்கு எரிச்சலூட்டியது அடுத்த பதில். கடைசியாக மாதவிடாய் எப்போது என்று கேட்டேன். ஏழெட்டு மாதம் ஆகிறதாம். கூட வந்த அம்மா கொஞ்சம் பெருமையாகவே, "அவ்வளவு கடுமையா பிராக்டிஸ் பண்றா" என்றார்.

எத்தனை முறைதான் சொல்வது! மாதவிடாய் நிற்பது உழைப்பின் அடையாளம் அல்ல. காலையில் கிளாஸ், பிறகு மாலை வரை ஒத்திகை, இரவில் நிகழ்ச்சி. இத்தனைக்கும் தேவையான சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் உடம்பு எதையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். இனப்பெருக்க ஹார்மோன்களை முதலில் குறைக்கிறது. அவற்றில் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு மெலியும். அதுவும் எலும்பு வலுவைச் சேமித்துக்கொள்ள வேண்டிய பதின்ம வயதிலும் இருபதுகளிலும். ஒல்லியாகத் தெரிந்தால்தான் இந்த ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். எடை சரியாக இருப்பவர்களுக்கும் வருகிறது. ஆண்களுக்கும் வரும், அவர்களிடம் எச்சரிக்க மாதவிடாய் இல்லை, அவ்வளவுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயர் வைத்து ஆண்களையும் சேர்த்துவிட்டது.

"மாத்திரை போட்டா மாசாமாசம் வந்துடுதே" என்பது இன்னொன்று. கருத்தடை மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு இயல்பான மாதவிடாய் இல்லை. பிரச்சினையை மறைக்கும், தீர்க்காது.

இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சிறுவயதிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று, திருத்தினால் மறுபேச்சின்றித் திருத்திக்கொள்ளக் கற்றவர்கள். நல்ல மாணவிக்கான அதே குணம்தான் வலியை வாய்விட்டுச் சொல்ல விடுவதில்லை. சொன்னால் ரோல் இன்னொருத்திக்குப் போய்விடும், ஒப்பந்தத்தை அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயம் வேறு. பயம் நியாயமானதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் கேளுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லையா, 15 வயதாகியும் முதல் மாதவிடாயே இல்லையா, டாக்டரைப் பாருங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் வலி, ஆடும்போது கூடுகிறது, ஓய்வில் குறைகிறது என்றால் அன்றே நிறுத்துங்கள். எக்ஸ்ரே நார்மல் என்று சந்தோஷப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஏறுவதை விடுங்கள், தயவுசெய்து. ஒத்திகைக்கு நடுவே சாப்பிடுங்கள். காபி சாப்பாடு ஆகாது. பகலெல்லாம் ஸ்டூடியோவுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்கள் வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளர்களே, எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். "நோவுது" என்று ஒருத்தி முதன்முறை வாய் திறக்கும்போது, ரோல் பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள்.