கூழ்க்கதை: ‘பல்ப்’ என்ற சொல்லும் கடற்பூதங்களும்

எங்கள் ஊரில் ‘பல்ப்’ என்று சொன்னால் ஒருவருக்கும் கதைப் புத்தகம் ஞாபகம் வராது. பழனிமலையின் கீழ்ப்பகுதி இது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று எங்கே திரும்பினாலும் காப்பித் தோட்டம். கார்த்திகை, மார்கழியில் பழம் பறிப்பார்கள். காலையில் பறித்த பழம் அன்றைக்கே பல்பருக்குப் போய்விட வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். பல்பர் என்பது ஒரு உருளை, அதைச் சுற்றிப் புடைப்புப் புடைப்பாக அடித்த செம்புத் தகடு. மேலே இருக்கும் தொட்டியில் பழத்தைக் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓட்டினால், ஒரு பக்கம் வழவழவென்று கொட்டைகள் நழுவி வரும். இன்னொரு பக்கம் தோலும் சதையும் சிவப்பாக வழிந்து குவியும். அந்தச் சிவப்புக் குவியல்தான் எங்களுக்குப் பல்ப். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் புளித்த வாடை மூக்கைத் துளைக்கும். பிறகு அது மக்கி, அதே செடிகளுக்கு எருவாகப் போகும்.

போன மாதம் அக்கா மகள் திண்டுக்கல்லில் இருந்து போன் செய்தாள். ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஆள் அரவமில்லாத ஒரு தீவைக் கடலுக்குள்ளிருந்து வரும் பூதங்கள் தாக்கும் பழைய திகில் கதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளாம். “மாமா, பல்ப் ஹாரர்னு இங்கிலீஷ்ல சொல்றாங்க. தமிழ்ச் சுருக்கத்துல பல்ப் திகில்னு போட்டா, லைட்டு எரியிற பல்பான்னு கேக்குறாங்க. வேற என்ன போடலாம்?” என்றாள்.

கேட்டவர்கள் மேல் தப்பில்லை. தமிழில் பகரம் ஒன்றுதான். விளக்குக்கும் பழச்சதைக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். போதாததற்கு ‘பல்பு வாங்கினான்’ என்றால் அசடு வழிந்தான் என்று வேறு பொருள் வந்துவிட்டது. ஆக, தமிழ் எழுத்தில் ‘பல்ப் கதை’ என்று படிக்கிறவருக்கு மூன்று அர்த்தங்கள் முட்டிக்கொள்ளும். அவளிடம் போனில் சரியாகப் பதில் சொல்லவில்லை. யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

சொல்லின் வேர் லத்தீன். ‘புல்ப்பா’ என்றால் சதை, பழத்தின் சதைப்பற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பழச்சதைக்கு வைத்த பெயர், நசுக்கிக் குழைத்த எதற்கும் ஒட்டிக்கொண்டது. இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. காப்பியில் பல்ப் என்பது ஒதுக்கித் தள்ளுவது. மாம்பழத்தில் பல்ப்தான் நமக்கு வேண்டியது, தோலையும் கொட்டையையும் எறிகிறோம். மரத்தில் பல்ப் என்பது நாம் செய்து எடுப்பது. ஒரே சொல், ஒரு இடத்தில் கழிவு, ஒரு இடத்தில் சரக்கு. ஆகவே பல்ப் என்ற சொல்லுக்குள் இழிவு பிறவியிலேயே இருந்தது என்று சொல்ல முடியாது.

காகிதத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் நெடுங்காலம் கந்தல் துணியிலிருந்துதான் காகிதம் செய்தார்கள். 1844-இல் ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தைக் கல்லில் அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். கனடாவில் ஃபெனர்டி என்பவரும் அதே ஆண்டு அதே வேலையைச் செய்து காட்டினார். அதற்கப்புறம் காகிதம் மலிந்தது. ஆனால் இப்படி அரைத்த மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. மரத்தை விறைப்பாக நிறுத்தி வைப்பது அதுதான். காகிதத்தில் அது வெயிலும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். தாளும் நாளடைவில் முறுகி, ஓரம் பொடிப்பொடியாக உதிரும். பழைய மாத நாவலைப் பிரித்தவர்களுக்கு அந்த நிறமும் வாசனையும் தெரியும். நாம் அதைச் சாணித்தாள் என்போம்.

1896-இல் ஃபிராங்க் மன்சி என்ற அமெரிக்கர் தன் ‘ஆர்கஸி’ பத்திரிகையை முழுக்க முழுக்கக் கதைப் பத்திரிகையாக மாற்றி, இந்த மட்டமான தாளில் அடித்து, 10 சென்டுக்கு விற்றார். இப்படி வந்த பத்திரிகைகளுக்குத்தான் ‘பல்ப்’ என்று பெயர் விழுந்தது. பளபளப்புத் தாளில் வந்த வசதிக்காரப் பத்திரிகைகளுக்கு வேறு பெயர். முதலில் அது தாளின் பெயர், பிறகு பத்திரிகையின் பெயர், கடைசியில் கதையின் பெயர். எழுதியவர்களுக்குச் சொல்லுக்கு ஒரு சென்ட், சில இடங்களில் அதற்கும் கீழே. உள்ளே பழுப்புத் தாள் என்றாலும் அட்டை மட்டும் கண்ணைப் பறிக்கும். அட்டைப் படத்தை முதலில் வரைய வைத்து, அதற்கேற்ற கதையைப் பிறகு எழுதச் சொன்னதும் உண்டு. அட்டையில் வரைய பூதத்தைவிடத் தோதான ஆள் யார்? 1923-இல் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ இதழ் இதற்கென்றே பேர் போனது. கடலடியில் மூழ்கிய நகரத்தில் உறங்கும் பூதத்தைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எழுதிய கதை 1928 பிப்ரவரியில் அதில்தான் வந்தது.

இனி கடற்பூதம். இந்தக் கதைகளின் கட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு சின்னத் தீவு, ஒரு கலங்கரை விளக்கம், பத்து இருபது மீனவர் வீடுகள். முதலில் ஒரு படகு திரும்பாது. பிறகு கரையில் ஏதோ இழுத்துப்போன தடம். நம்ப மறுக்கும் அதிகாரி ஒருவர், நம்புகிற ஆராய்ச்சியாளர் ஒருவர். புயல் அடிக்கும், வானொலி சாகும், கடைசிப் படகும் நொறுங்கும். அப்போதுதான் அது கரையேறும்.

இதை நான் கடலோரத்தில் படிக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நேராக மேற்கே வந்து எங்கள் மலையையும் உலுக்கியது. மரங்கள் பாதையில் விழுந்து பஸ் நின்றது, கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் என்றைக்கோ வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு நண்டுப் பூதக் கதையை மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த இரவுகளில் படித்தேன். வெளியே பள்ளத்தாக்கு தெரியாமல் மேகம் அடைத்துக் கிடந்தது. கதைக்காரர்கள் ஏன் தீவைத் தேடிப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பூதம் பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பயம், வழி அடைபட்டுப் போனதில் இருக்கிறது. பாதை அடைபட்டால் மலையூரும் தீவுதான். ‘நாலு நாளா தனித்தீவா கெடந்தோம்’ என்றுதான் இங்கே இன்றைக்கும் அந்தப் புயலைப் பற்றிப் பேசுவார்கள்.

இந்தப் பூதங்கள் வெறுங்கையில் முழம் போட்டவை என்றும் நினைக்க வேண்டாம். நார்வேயின் பெர்கன் நகரப் பேராயர் பொன்டோப்பிடன், 1752-53-இல் எழுதிய இயற்கை வரலாற்றில் ‘கிராக்கன்’ என்ற கடற்பூதம் பற்றிச் சொல்கிறார். அதன் முதுகு நீருக்கு மேல் வந்தால் சுற்றளவே ஒன்றரை மைல், பார்ப்பதற்குச் சின்னச் சின்னத் தீவுகள் போலிருக்கும் என்கிறார். அங்கே தீவே பூதமாக இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து, 1857-இல் டென்மார்க்கின் விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப், கிராக்கன் கதைக்கு மூலம் என்று கருதப்படும் ராட்சதக் கணவாய்க்கு அறிவியல் பெயர் வைத்தார். அது உயிரோடு கடலில் திரிவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே 2004-இல்தான் முதன்முதலாகப் படம் பிடித்தார்கள். நண்டும் அப்படித்தான். நிக்கோபார் உட்படப் பல தீவுகளில் வாழும் தென்னை நண்டு காலை விரித்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர், தேங்காயையே உடைக்கும். அதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் கதைக்காரருக்குப் போதும்.

கணவாய் என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலைக்காரர்களுக்குக் கணவாய் என்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே போகும் வழி. கடற்கரைக்காரர்களுக்கு அது மீன். எட்டுக் கையுள்ளதை அவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். ‘ஆக்டோபஸ்’ என்பதைவிடத் திகில் கதைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! அக்கா மகளிடம் இதையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆங்கிலத்தின் ‘மான்ஸ்டர்’ லத்தீனில் எச்சரிக்கும் தீநிமித்தம் என்ற பொருளில் தொடங்கியது. அதற்குத் தமிழில் அரக்கன், அசுரன் என்று போடுகிறார்கள். எனக்குப் பூதம்தான் சரியாகப் படுகிறது. ‘பூதாகாரம்’ என்று அளவைச் சொல்லவே அதைத்தான் எடுக்கிறோம். அதோடு புகார் நகரத்துச் சதுக்கப்பூதம், தப்புச் செய்தவர்களைப் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும் பூதம், கடலோர ஊரில்தான் நின்றது. பரதவர் சினைச்சுறவின் கொம்பை நட்டு அதில் வல்லணங்கை, அதாவது அச்சம் தரும் வலிய தெய்வத்தை, வைத்துக் கும்பிட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கடல் விலங்கும் அணங்கும் ஒன்றாகும் இடம் அது. தொல்காப்பியம் அச்சத்தின் நிலைக்களன்களை எண்ணும்போது ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’ என்கிறது. கடற்பூதக் கதை அந்த நான்கில் முதல் இரண்டையும் ஒரே உடம்பில் போட்டுக் கரையேற்றுகிறது.

ஒதுங்கிய தீவும் நமக்குப் புதிதில்லை. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நாகர் வாழும் மலையில் கரை ஒதுங்குகிறான். அவனைத் தின்னலாம் என்றுதான் அவர்கள் எழுப்புகிறார்கள். அவர்கள் பாஷை தெரிந்ததால் பிழைக்கிறான். அச்சுக்கு வந்தால், தினத்தந்தியில் 1960-இலிருந்து வரும் கன்னித்தீவு. சிந்துபாத்தும், மந்திரவாதி சின்னதாக்கிவிட்ட லைலாவும், தீவு தீவாகப் பூதங்களும். செய்தித்தாளின் மட்டத்தாளில் வந்த அந்தப் படக்கதை பல்ப் இல்லையென்றால் வேறு எது பல்ப்? முடியாத விஷயத்துக்கெல்லாம் ‘கன்னித்தீவு மாதிரி இழுக்குது’ என்கிறோமே, ஒரு கதை மொழிக்குள் அப்படிப் போய் உட்காருவது லேசான காரியமா?

சரி, தமிழ்ச்சொல். இதுவரை புழங்கியவற்றைப் பார்த்தால், ‘மலிவு இலக்கியம்’, ‘குப்பை நாவல்’ இரண்டும் தீர்ப்பு. படிக்கும் முன்பே தள்ளிவிடுகின்றன. ‘வெகுஜனப் புனைவு’ படிக்கிறவரைச் சொல்கிறது, தாளைச் சொல்லவில்லை. குடும்பக் கதையும் அதில் அடங்கும். ‘பாக்கெட் நாவல்’, ‘மாத நாவல்’ என்பவை நம்முடைய ஒரு குறிப்பிட்ட வெளியீட்டு முறைக்கு மட்டும் பொருந்தும். கோவைக்காரரான ராஜேஷ்குமார் 1500-க்கு மேல் எழுதியவற்றில் பெரும்பகுதிக்கு அந்தப் பெயர் சரி. அமெரிக்க இதழில் வந்த கதைக்குச் சரிவராது. அதற்கும் முந்திய, சென்னைக் குஜிலி பஜாரில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களை ஆய்வாளர்கள் ‘முச்சந்தி இலக்கியம்’ என்கிறார்கள். அருமையான சொல். ஆனால் அது விற்ற இடத்தின் பெயர். 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் நம் மாத நாவல் எழுத்தை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ‘பல்ப்’ என்றே தலைப்பிட்டது. நாமும் அதையே திரும்பத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இத்தனைக்கும் மற்ற எல்லா இடத்திலும் இந்தச் சொல்லுக்குத் தமிழ் எப்போதோ வந்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ்த் தொழிற்சாலை. காகித ஆலையில் மரக்கூழ். பல் மருத்துவத்தில் பற்கூழ். முதுமலைப் பக்கம் காட்டைக் கெடுத்த மஞ்சக்கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்களே, அதுவும் கூழுக்குத்தான். கதை ஒன்றுதான் பாக்கி. அதனால் நான் சொல்வது ‘கூழ்க்கதை’. பத்திரிகையைச் சொல்லும்போது ‘கூழ்த்தாள் இதழ்’. அக்கா மகளின் கட்டுரைக்கு ‘கடற்பூதக் கூழ்க்கதைகள்’.

கூழ் என்றால் கேவலமாக இருக்காதா என்று அவள் கேட்டாள். கேப்பைக்கூழ் குடித்து வளர்ந்த வீட்டில் இந்தக் கேள்வி வரக்கூடாது. வள்ளுவர் ‘அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்’ என்று பாடினார். அரசனுக்கு வேண்டிய ஆறு அங்கங்களை எண்ணும்போது ‘படைகுடி கூழ்அமைச்சு’ என்றார். அங்கே கூழ் என்பது நாட்டின் செல்வம். ஔவை கூழுக்குக் கவி பாடினாள் என்பது நம் வழக்கு. சொல்லுக்கு ஒரு சென்ட் வாங்கி, இரவெல்லாம் தட்டச்சு செய்து, ஒரு தீவையும் ஒரு நண்டையும் வைத்துப் படிப்பவனை விடியும்வரை விழித்திருக்க வைத்தவர்களும் கூழுக்குப் பாடியவர்கள்தான். ஆங்கிலச் சொல்லில் இல்லாத இந்த அர்த்தம் தமிழில் சும்மாவே கிடைக்கிறது.

எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் ழகரத்தை ளகரமாகத்தான் பேசுவோம். பழம் ‘பளம்’, கூழ் ‘கூளு’. பேச்சில் அப்படியே இருக்கட்டும். எழுத்தில் மாறினால் பக்கத்தில் ‘கூளம்’ நிற்கிறது, குப்பைகூளத்தில் வரும் கூளம். கூழ்க்கதை என்று எழுதப்போய்க் கூளக்கதை என்று அச்சாகிவிட்டால், எதை மாற்றவேண்டும் என்று கிளம்பினோமோ அதே இடத்துக்கே திரும்பிவிடுவோம். அக்கா மகள் அனுப்பிய முதல் பிரதியில் மூன்று இடத்தில் ளகரம் இருந்தது. திருத்தி அனுப்பிவிட்டேன்.