ஹாட் ராட் என்றால் சூடான கம்பி இல்லை

மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். இனி எழுதாமல் இருக்க முடியாது.

தமிழ்க் குரலில் ஓடும் ஒரு கார் நிகழ்ச்சி. தாடிக்கார அமெரிக்கர் ஒருவர், மட்கார்டு இல்லாத, இன்ஜின் வெளியே தெரிகிற, குள்ளக் கூரை வைத்த வண்டி ஒன்றைக் கன்றுக்குட்டியைப் போலத் தடவிக் கொடுத்தபடி நிற்கிறார். அவர் சொல்வது 'ஹாட் ராட்', வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார். தமிழ்க் குரல் சொல்கிறது: "இந்தச் சூடான கம்பியை உருவாக்க எனக்கு இரண்டு வருடங்கள் ஆனது." பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "கம்பி எங்கடா?" என்றார். நியாயமான கேள்வி.

இதற்கு முன் வேறொரு நிகழ்ச்சியில் அது "வெப்பத் தடி". அதற்கும் முன்னால் திரையின் அடியில் ஓடிய வசன வரியில் "சூட்டுக்கோல்". மாட்டுக்குக் குறி வைக்கிற இரும்புக்கு அந்தப் பெயர் என்பதை எழுதியவர் எந்தப் பெரியவரிடமாவது கேட்டிருக்கலாம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாட் ராட் தெற்குக் கலிஃபோர்னியாவில் பிரபலமான சொல். 1940-களின் நடுவில் அச்சில் ஏறுகிறது. அதற்கு முன் அங்கிருந்த பையன்கள் இதே வண்டியை 'கௌ ஜாப்', 'ஹாப்-அப்' என்றெல்லாம் சொன்னார்கள். 'ஹாட்' என்றால் அந்தப் பேச்சில் துடிப்பானது, வேகம் கூட்டியது. 'ராட்' எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி. 'ரோட்ஸ்டர்' என்ற திறந்த இரட்டை இருக்கை வண்டியின் பெயர் குறுகி ராட் ஆனது என்பது ஒன்று. இன்ஜினுக்குள் இருக்கும் கேம்ஷாஃப்ட், கனெக்டிங் ராட் போன்ற தண்டுகளைக் குறித்தது என்பது மற்றொன்று. அன்று ஓடியவற்றில் பெரும்பாலானவை ரோட்ஸ்டர்களே என்பதால் நான் முதல் கட்சி. எந்தக் கட்சியானாலும் சரி, சூடு போட்ட கம்பி இதில் எங்கும் இல்லை.

தமிழிலும் சூட்டுக்கு வேகப் பொருள் உண்டு, ஆட்டம் சூடுபிடிக்கிறது, வியாபாரம் சூடுபிடிக்கிறது என்கிறோமே என்று கேட்கலாம். ஆனால் வண்டியோடு சேரும்போது கதை வேறு. "வண்டி சூடாயிடுச்சு" என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் ரேடியேட்டர் மூடியைத்தான் திறப்பார். நம் பேச்சில் சூடான வண்டி பழுதான வண்டி. இதில் ஒரு வேடிக்கை: ஹாட் ராட்காரர்கள் உயிராக மதித்த ஃபோர்டின் 'ஃப்ளாட்ஹெட் வி-8' என்ற எட்டு சிலிண்டர் இன்ஜின் உண்மையிலேயே சூடாவதற்குப் பேர்போனது. எரிந்த வாயு வெளியேறும் வழியை இன்ஜின் பிளாக்கின் உள்ளேயே, குளிர்விக்கும் தண்ணீரை ஒட்டி, சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த வெப்பமெல்லாம் தண்ணீரில் இறங்கியது. ஆக, "சூடான" என்ற மொழிபெயர்ப்பு தெரியாமலே ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை.

இந்தச் சூடான கம்பிக்காரரை நான் மன்னித்துவிடுவேன். நாலு பேர் சிரிப்பார்கள், அத்தோடு போகும். என் சண்டையெல்லாம் சரியானது போலத் தோன்றும் இன்னொரு சொல்லோடு: "மறுசீரமைத்த பழங்கால மகிழுந்து." எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அண்ணன் ஒருவர் இதைத்தான் பயன்படுத்துகிறார். கேட்டால், "பழைய வண்டி, அதைச் சரிபண்றாங்க. வேற என்ன தம்பி?" என்கிறார்.

வேறதான் அண்ணே. நேர்மாறாக வேற.

பழைய காரை மறுசீரமைப்பவர் அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவரப் பாடுபடுகிறார். அதே நிறம், அதே துணி, முடிந்தால் அதே திருகாணி. ஹாட் ராட் கட்டுகிறவரோ தொழிற்சாலை சொன்னதையெல்லாம் மறுத்துப் பேசுகிறவர். மட்கார்டு கனம், கழற்று. பம்பர் எதற்கு, கழற்று. இன்ஜின் போதாது, வேறொன்றைத் தூக்கி வை. ஓலைச்சுவடியைப் பூச்சி அரிக்காமல் காப்பதும், அதே ஓலையில் காற்றாடி செய்து விடுவதும் ஒன்றாகுமா? காற்றாடியும் அழகுதான், ஜோராகச் சுற்றும். ஆனால் அதைச் சுவடிப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது.

அந்தப் பையன்கள் செய்தது என்ன என்று பார்த்தால்தான் இது புரியும். ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான வண்டி. இன்ஜின் வெறும் 20 குதிரைத்திறன். பழைய வண்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மலையைத் தாண்டினால் மொஹாவே பாலைவனம். அங்கே ம்யூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிகள். (இங்கே 'வறண்ட ஏரி' என்ற நேர்மொழிபெயர்ப்பு கச்சிதம். கோடையில் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நம் ஏரிபோல் ஆழமாக வெடித்துக் கிடக்காமல் பலகைபோல் இறுகியிருக்கும், அவ்வளவுதான்.) அந்தத் தரையில் நேர்கோட்டில் ஓட்டி, நேரத்தை அளந்து, யார் வண்டி வேகம் என்று பார்த்தார்கள். 1937-ல் கிளப்புகள் கூடித் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. 1932-ல் ஃபோர்டு விலை மலிந்த காரிலேயே 65 குதிரைத்திறன் வி-8 இன்ஜினை வைத்து விற்றிருந்தது. அது பழசாகிக் கைமாறத் தொடங்கியதும் பையன்கள் விடுவார்களா? எட் வின்ஃபீல்டின் கார்புரேட்டர், எட் இஸ்கெண்டேரியனின் கேம்ஷாஃப்ட், விக் எடெல்பிராக்கின் மேனிஃபோல்டு என்று இன்ஜின் பாகங்கள் செய்த லேத் பட்டறைகள் பெரிய பெயர்களாக வளர்ந்தது இந்தப் பசிக்குத் தீனி போட்டுத்தான்.

போர் முடிந்தது. படையில் இன்ஜின் வேலை கற்றுத் திரும்பியவர்கள் பலர். போர் மிச்சமாகக் குவிந்த சாமான்களும் ஏராளம். பில் பர்க் 1946-ல் போர்விமானத்தின் வயிற்றில் தொங்கும் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதையே பாடியாக வைத்து ஏரியில் ஓட்டினார். இதைப் போய் எந்த நாளின் நிலைக்கு "மறுசீரமைத்தார்" என்று சொல்வது? விமானத்தில் தொங்கிய நாளுக்கா?

இன்னொரு சிக்கல், இந்த மறுசீரமைப்பு மகிழுந்து ஒரே சாக்கில் நாலு வகை நெல்லைக் கொட்டிவிடுகிறது. ஹாட் ராட் வேகத்துக்காகக் கட்டுவது. 'கஸ்டம்' தோற்றத்துக்காகக் கட்டுவது. அதில் வேகம் இரண்டாம்பட்சம். இதிலும் ஊருக்கு ஊர் மரபு வேறு. சாக்ரமெண்டோவில் ஹாரி வெஸ்டர்கார்டு கை பட்ட வண்டிகள் பின்பக்கம் தாழ்ந்து, வழுவழுவென்று இருக்கும். அந்தப் பக்கத்தில் வளர்ந்த சாம், ஜார்ஜ் பேரிஸ் சகோதரர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பட்டறை போட்டு, கஸ்டம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தையே C-யிலிருந்து K-ஆக மாற்றி எழுதிப் பெயர் வாங்கினார்கள். 1951 மெர்க்குரி ஒன்றின் கூரையை இறக்கி, நடுத்தூணை எடுத்து அவர்கள் கட்டிய 'ஹிரோஹாட்டா மெர்க்' இன்றைக்கும் அந்த உலகத்தில் பெரிய பெயர். கிழக்குக் கரை மாநிலங்களில் வறண்ட ஏரிகள் கிடையாது. அங்கே ஹாட் ராடில் கூரையைத் தொடாமல் பாடியை மட்டும் ஆழமாகக் கீழே இறக்குவது வழக்கமாயிற்று. அப்புறம் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக வம்சாவளியினர் வளர்த்த 'லோரைடர்'. அதன் தாரக மந்திரமே "தாழ்வாக, மெதுவாக" என்பதுதான். 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது: சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது. ரான் அகிரே என்பவர் ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தினார்; போலீஸைக் கண்டால் வண்டி எழும், போனதும் உட்காரும். இந்த லோரைடரை ஒரு நிகழ்ச்சியில் "அதிவேகக் கார்" என்று சொல்லக் கேட்டேன். நத்தைக்கு முயல் என்று பெயர் வைத்தாயிற்று.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ முடுக்குந்து" என்றார். முடுக்கு, உந்து, இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை. எனக்கு என்னவோ ஒட்டவில்லை.

பேருந்து வென்ற நாளிலிருந்து கலைச்சொல் ஆக்குபவர்களுக்கு 'உந்து' ஒரு போதை. சக்கரம் இருந்தால் போதும், பின்னால் உந்தை ஒட்டிவிடுவார்கள். பேருந்து நிலைத்தது, எல்லாரும் ஏறுகிற வண்டி, ஊர்தோறும் பலகையில் எழுதிய பெயர் என்பதால். மகிழுந்தை ஐம்பது பேர் எழுதுகிறார்கள். "மகிழுந்தை எடுத்துட்டு வாடா" என்று சொன்ன ஒரு மனிதரை எனக்குக் காட்டுங்கள். தமிழுக்குப் பெயர் வைக்கத் தெரியாதா? டாடா ஏஸ் வந்ததும் தெருவே அதற்குக் குட்டியானை என்று பெயர் சூட்டியது. எந்தக் குழுவும் கூடவில்லை. சென்னையில் மூன்று சக்கரச் சுமைவண்டியில் பழைய இன்ஜினை மாட்டி ஓட்டினார்கள். மீன்பாடி வண்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். (மனப்பான்மையில் அது ஹாட் ராடுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பேன்.) இந்தப் பெயர்களை வைத்தவர்கள் வண்டியைப் பார்த்தவர்கள். முடுக்குந்தை வைத்தவர் அகராதியைப் பார்த்தவர்.

கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் 'பாடி கட்டுகிறார்கள்'. இதே வேலையை அமெரிக்கர் செய்தால் மட்டும் நம் மொழிபெயர்ப்பில் "உடலமைப்பு உருவாக்கம்" ஆகிவிடுகிறது. காதில் விழுந்தால் உடற்பயிற்சிக் கூடம் ஞாபகம் வருகிறது. பட்டறையில் பேசுகிற தமிழைத் தமிழ் என்று ஒப்புக்கொள்ளாத கூச்சம் இது. விளைவு, கூரையின் தூண்களைச் சில அங்குலம் வெட்டி, தாழ்த்தித் திரும்பப் பற்றவைக்கும் 'சாப்' வேலை "கூரையை வெட்டினார்" ஆகிறது; கேட்பவர் கூரையே போய்விட்டது என்று நினைக்கிறார். பாடியைச் சேசிஸ் சட்டத்தின் மேல் வைக்காமல் இரு பக்கமும் கீழிறக்கி மாட்டும் 'சானலிங்' வேலைக்கு "கால்வாய் அமைத்தல்" என்று ஒரு வசன வரியில் வந்தது. பொதுப்பணித்துறைக்கு அனுப்ப வேண்டிய மொழிபெயர்ப்பு.

நான் சொல்வது இதுதான். ஹாட் ராட் ஓர் ஊரின், ஒரு காலத்தின் பெயர். அதை ஹாட் ராட் என்றே எழுதலாம். முதல் தடவை வரும்போது 'முறுக்கேற்றிய பழைய வண்டி' என்று ஒரு விளக்கம் போதும். முறுக்கேற்றுதல் என்ற வினை இதற்கென்றே காத்திருந்தது போல் இருக்கிறது. காளைக்கு முறுக்கேறும், இளவட்டத்துக்கு முறுக்கேறும், மீசையை முறுக்குவோம், ஆக்சிலேட்டரையும் முறுக்குகிறோம். வேகம், வலு, கொஞ்சம் திமிர், மூன்றும் அதில் உண்டு. சுருக்குகிறேன் என்று 'முறுக்கு வண்டி' ஆக்கிவிடாதீர்கள். மக்கள் எண்ணெய் வாசனையைத் தேடி வந்துவிடுவார்கள்.

பெயரை விட்டுவிட்டு வேலைகளைத் தமிழில் சொல்லுங்கள், அங்கேதான் தமிழ் நன்றாக உட்காருகிறது. சாப் என்பது கூரை இறக்குதல். சானலிங் என்பது பாடி இறக்குதல். பாடியின் நடுவில் ஒரு பட்டையைச் சுற்றிலும் வெட்டி எடுத்து உயரம் குறைப்பது இடுப்பு குறைத்தல். கைப்பிடி, பெயர்ச் சின்னம் எல்லாம் எடுத்து மூடுவது மழித்தல். ஆங்கிலத்திலும் அதே உவமைதான், நமக்கும் பொருந்துகிறது. விளக்கை மட்கார்டுக்குள் குழித்து வைப்பது விளக்கு பதித்தல்.

வெட்டி ஒட்டிய தழும்பை மறைக்க, இன்றைய பட்டி வருவதற்கு முன், காரீயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கிப் பூசி, அரத்தால் ராவி வழவழப்பாக்கினார்கள். அப்படிக் கனத்துப்போன கஸ்டம் வண்டிகளுக்கு 'லெட் ஸ்லெட்' என்ற பெயரே வந்தது. இதை அண்ணன் "முன்னணிச் சறுக்குவண்டி" என்று எழுதியிருந்தார். ஈயத்துக்கான ஆங்கிலச் சொல்லும் முன்னால் போவதற்கான சொல்லும் எழுத்தில் ஒன்றாக இருப்பதால் வந்த வினை. "அண்ணே, ஈயம் பூசினது மாதிரியும் இருக்கணும், பூசாதது மாதிரியும் இருக்கணும்னு நம்ம வீட்டுல சொல்வாங்களே, அந்த ஈயம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பழமொழியையே போட்டுடலாமா?" என்றார்.

போட்டுவிட்டார். அடுத்த பக்கத்தில் 'ராட் ராட்' வருகிறது, துருவைக்கூடத் துடைக்காமல் வேண்டுமென்றே அரைகுறையாக விட்ட வண்டி. முதல் ராட் அங்கே எலி. என்ன செய்திருக்கிறார் என்று இன்னும் திறந்து பார்க்கவில்லை.