டிமென்ஷியா என்று தெரிந்த பிறகு கையிலுள்ள வேலையைப் பிடுங்காதீர்கள்

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஞாபகத் தேர்வு எல்லாம் முடித்து, "இது டிமென்ஷியா, அதாவது மறதி நோய், தொடக்க நிலையில் இருக்கிறது" என்று சொன்னதும் கூட வந்திருக்கும் மகனோ மகளோ உடனே பெரியவர் பக்கம் திரும்பிச் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "இனிமே நீங்க ஒன்னும் செய்ய வேணாம்ப்பா, சும்மா உக்காருங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." பாசத்தில் வரும் பேச்சு, தப்பு சொல்ல முடியாது. ஆனால் தர்மபுரியில் மனநல மருத்துவராக இருந்து நான் பார்த்தவரை, பெரியவர்களை முதல் வருடத்திலேயே முடக்கிப்போடுவதில் இந்தச் 'சும்மா உக்காருங்க'வுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

நம்ம ஜில்லாவில் இதெல்லாம் யாருக்கு வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கம் இதை நோய் என்றே யாரும் நினைப்பதில்லை. "வயசாயிடுச்சு, நெனப்பு தப்புது" என்பதோடு சரி. சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் மாமியார் தெருவுக்குப் போய், "எனக்கு இன்னும் சோறு போடல" என்று சொல்வார். மருமகளுக்கு அது கொழுப்பாகத் தெரியும். நாலு மாதம் சண்டை நடந்து, பஞ்சாயத்து பேசி, அதற்கப்புறம்தான் டாக்டர்.

மறதி என்று வருபவர்கள் எல்லாருக்கும் டிமென்ஷியா இல்லை. தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம், பி12 சத்து குறைந்திருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். எப்போதோ வழுக்கி விழுந்து மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. அதனால்தான் இத்தனை பரிசோதனை. பணம் பிடுங்க எழுதுகிறோம் என்று நினைத்து ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதில் வருபவர்களை அடையாளம் தெரியாதபடி ஊரையும் விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் ஒட்டு மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்தில் கன்றுப் பண்ணை வைத்திருந்த ஒரு பெரியவர், எழுபதை நெருங்கியவர், அல்சைமர் வகை டிமென்ஷியாவோடு என்னிடம் வந்தார். கன்று வாங்க யார் முன்பணம் கொடுத்தார்கள் என்பது மறந்துபோய், ஒருவருக்குப் பேசி வைத்த கன்றுகளை இன்னொருவருக்கு ஏற்றி அனுப்பியிருந்தார். நோய் என்று தெரிந்ததும் மகன்கள் கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டார்கள். அது நியாயம்தான். கூடவே ஒட்டுக்கட்டும் கத்தியையும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள்.

அடுத்த தடவை வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் நடை, பேச்சு சுத்தமாகக் குறைந்துவிட்டது. நோய் முற்றிவிட்டது, மாத்திரையைக் கூட்டுங்கள் என்றார் பெரிய மகன். பகலில் என்ன செய்கிறார் என்று கேட்டேன். "ஒன்னும் செய்ய விடறதில்லீங்க சார், நல்லா பாத்துக்கறோம்."

அல்சைமர் முதலில் கைவைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில். இன்று காலை நடந்ததை நாளைக்கு எடுத்து வைப்பது அதன் வேலை. ஐம்பது வருடம் செய்து செய்து கைக்குப் பழகிய தொழில் மூளையில் வேறு இடங்களில் பதிந்திருக்கிறது. அது வெகுநாள் தாக்குப்பிடிக்கும். இதை மகன்களுக்கு விளக்கி, கத்தியைத் திருப்பிக் கொடுங்கள், பக்கத்தில் ஒருவர் இருங்கள் என்றேன். அரை மனதோடுதான் போனார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்று வாங்கும் சாக்கில் நானே போய்ப் பார்த்தேன். (கன்றும் வாங்கினேன், வீட்டில் இடமில்லை என்று திட்டும் வாங்கினேன்.) கொட்டகை நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். கொட்டையிலிருந்து முளைத்த செடியின் தலையைச் சீவிவிட்டு, தண்டின் நடுவில் கத்தியை இறக்கிப் பிளந்தார். செந்தூராக் குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சாய்வாகச் செதுக்கி, அந்தப் பிளவுக்குள் பட்டையோடு பட்டை சேரும்படி இறக்கினார். பாலிதீன் நாடாவைக் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, கடைசிச் சுற்றுக்குள் நுனியைச் செருகி இழுத்தார். இதற்குள் "எந்த ஊரு சார் நீங்க?" என்று என்னை மூன்று தடவை கேட்டுவிட்டார். கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. சின்ன மகன் கட்டி வைத்த கன்று ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டை சேரல, இது புடிக்காது" என்று ஓரமாகப் போட்டார்.

குடும்பம் செய்த ஏற்பாடுகள் ரொம்பச் சாதாரணமானவை. நோட்டு பேரனிடம், பணம் பெரிய மகனிடம். ரகம் மாறிப்போகாமல் இருக்க செந்தூராக் குச்சிக்குச் சிவப்புத் துணி, பெங்களூராவுக்குப் பச்சைத் துணி. கட்டி முடித்த கன்றை உடனே எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அதையே பிரிக்கத் தொடங்கிவிடுவார். ராத்திரி நடை தானாகக் குறைந்தது. மாத்திரையைக் கூட்டவில்லை. அடுத்த முறை அவர் என்னிடம் வைத்த ஒரே புகார், "நான் கட்டற கன்னுக்குக் கூலி எவ்ளோன்னு இவனுங்கள கேட்டுச் சொல்லுங்க சார்" என்பதுதான்.

இது அப்படியே நீடிக்கவில்லை, நீடிக்கவும் நீடிக்காது. இப்போது செதுக்கும் கோணம் அவருக்குத் தப்புகிறது. கத்தி சின்ன மகனிடம் போய்விட்டது, நாடா சுற்றுவது மட்டும் அவருடையது. நாளைக்கு அதுவும் முடியாமல் போனால் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம். வேலையை எடுக்கத்தான் வேண்டியிருக்கும். அவரால் முடியாமல் போன துண்டை மட்டும், முடியாமல் போன அன்றைக்கு எடுங்கள்.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் கதையும் இப்படித்தான். அடுப்பை அணைக்க மறந்து ஒரு நாள் பாத்திரம் தீய்ந்ததும் அவருக்குச் சமையலறையே கிடையாது என்றாகிவிட்டது. அதன்பின் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதார். நான் சொன்னது இவ்வளவுதான்: அடுப்பு மருமகளுடையது, களி அத்தையுடையது. மருமகள் உலை வைத்து, நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, வெந்தபின் அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடிவிட்டு அத்தையைக் கூப்பிடுவார். பானையைக் கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டி, கையை நனைத்து உருண்டை பிடிப்பது அத்தை. "எனக்கு இவ்ளோ பதமா வராதுங்க டாக்டர்" என்று மருமகள் சொன்னது உபசாரத்துக்காக அல்ல என்றே நினைக்கிறேன்.

அடுத்து, நோயாளியிடம் நோயைச் சொல்லலாமா என்பது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், மனசு ஒடஞ்சிடுவாரு" என்று வெளியே கூப்பிட்டுக் கிசுகிசுக்காத குடும்பமே இல்லை. நான் பெரியவரிடமே கேட்டுவிடுவேன்: "உங்க மறதிக்கு என்ன காரணம்னு தெரிஞ்சுக்கணுமா, இல்ல பையன்கிட்ட சொன்னா போதுமா?" தொடக்க நிலையில் இருப்பவர்களில் பலர் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் மறதி முன்பே தெரியும்; காரணம் தெரியாததுதான் பயம். ஓசூர் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரிடம் சொன்னபோது பெருமூச்சு விட்டு, "அப்போ பைத்தியம் இல்லீங்களே" என்றார். அதன்பின் தன் பெயர், வீட்டு முகவரி, மகள் நம்பர், 'எனக்கு மறதி நோய், நிதானமாகப் பேசவும்' என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். மறைத்திருந்தால் இந்த அட்டைக்கு வழியே இருந்திருக்காது. டிமென்ஷியா உள்ளவர்களே தொடங்கி நடத்தும் உலக அளவிலான அமைப்பு ஒன்று 2014-லிருந்து இருக்கிறது. 'டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல்' என்று பெயர். நோய் வந்தவர் கூட்டத்தில் எழுந்து பேசுவார், தனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார் என்பதையே நம்மூரில் பலர் யோசித்திருக்க மாட்டோம்.

அதே கண்டக்டர் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் வீட்டுப்பேச்சு தெலுங்கோ கன்னடமோதான். தமிழ் பள்ளியிலும் பஸ்ஸிலும் வந்தது. நோய் கூடக்கூட, பின்னால் கற்ற பாஷை முதலில் பிடி விடுவது பலரிடம் உண்டு. பார்த்துக்கொள்ள வைத்த பையன் தமிழில் "குளிக்க வாங்க" என்று கையைப் பிடித்தால் அவர் அடிக்க வருவார். மனைவி தெலுங்கில் கூப்பிட்டால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பையனுக்கு நாலு தெலுங்கு வார்த்தை சொல்லிக்கொடுத்ததோடு 'முரட்டுத்தனத்துக்கு' கேட்ட மாத்திரை தேவைப்படவில்லை.

சொத்து விஷயம். சிப்காட் வந்து நிலத்தின் விலை ஏறிய ஊர்களிலிருந்து, "அப்பாவுக்குப் புத்தி சரியில்லைன்னு ஒரு சர்டிபிகேட்" கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை அழைத்து வராமலேயே கேட்பவர்களும் உண்டு. டிமென்ஷியா என்று ஒரு தாளில் எழுதியிருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. தொடக்க நிலையில் இருப்பவர் தன் உயிலைத் தானே எழுதலாம், வங்கிக் கணக்கில் யாரைச் சேர்ப்பது என்று தானே சொல்லலாம். பின்னாளில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் சார்பில் பேசவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. இதையெல்லாம் நோய் தெரிந்த முதல் சில மாதங்களிலேயே அவரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். வண்டி மட்டும் விதிவிலக்கு. வழி தப்ப ஆரம்பித்துவிட்டால் எக்ஸ்எல் சாவியை வாங்கிவிடுங்கள். தோட்டத்துக்கு நடந்து போகட்டும், இல்லை யாராவது பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகட்டும்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. டோனபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. பசி குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் சில சளி மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும், மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். நேற்றுவரை சுமாராக இருந்தவர் இன்று திடீரென்று ஆளே மாறிவிட்டால் அது டிமென்ஷியா முற்றியது அல்ல. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். காது கேட்காவிட்டால் கருவி, கண்ணில் புரை இருந்தால் ஆபரேஷன். பாதி 'மறதி' அங்கேயே தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பிரஷர், சுகர் மாத்திரை விடக்கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணிடம் பெரியவருக்கு மறதி இருக்கிறது என்று சொல்லி, மாத்திரையை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

பார்த்துக்கொள்பவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பெங்களூரிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகன்களே, பணம் சரி, வருடத்தில் ஒரு வாரம் லீவு போட்டு வந்து அப்பாவோடு இருங்கள். உங்கள் அண்ணி அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை நாளாகிறது என்று கேட்டுப் பாருங்கள். உடைந்துபோகும் அளவுக்குக் களைப்பாக இருந்தால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, முதியோர் உதவி எண் 14567. இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

எந்த டாக்டரிடம் போனாலும் முதல் தடவை போகும்போது பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும். கண்ணாடியை மறக்காதீர்கள். அவர் இன்னும் தானாகச் செய்யும் வேலைகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆடு கட்டுவது, பூத் தொடுப்பது, தக்காளி பொறுக்கித் தரம் பிரிப்பது, எதுவானாலும். கூட வருபவர் நாள் முழுக்க அவரோடு இருப்பவராக இருக்கட்டும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வரும் மகனுக்குப் பல நேரம் அப்பா காலையில் என்ன சாப்பிட்டார் என்பதே தெரிவதில்லை.