இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4 படிக்கிறான். வகுப்பில் டீச்சர் மற்ற பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் பெயரை மறைத்துவிட்டு வெண்பலகையில் ஒட்டிக் காட்டுகிறாராம். கூடவே ஓர் அட்டவணையும் கொடுக்கிறாராம், இப்படி எழுதினால் இந்த நிலை, அப்படி எழுதினால் அந்த நிலை என்று. "புள்ளி போடுகிற தாளைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டால் அப்புறம் அது என்ன சோதனை? நல்ல கட்டுரையைக் காட்டிவிட்டால் அதையே காப்பியடித்து எழுத மாட்டானா?"

இரண்டாவது கேள்வி நியாயமானது. நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்த யாருக்கும் அந்தப் பயத்தின் வேர் தெரியும். தன்கதை எழுதியிருப்பீர்கள். நான் ஒரு பேனா, நான் ஒரு புத்தகப்பை, நான் ஒரு மிதிவண்டி. எல்லாமே ஏதோ ஒரு தொழிற்சாலையில் பிறக்கும், லாரியில் ஏறிக் கடைக்கு வரும், ஒரு மாணவன் வாங்குவான், சில மாதம் கழித்துக் குப்பைத்தொட்டியில் கிடக்கும். எங்கள் வகுப்பில் முப்பது பேருடைய பேனாவும் ஒரே ஊரில்தான் பிறந்தது, ஏனென்றால் டீச்சர் காட்டிய மாதிரிக் கட்டுரை ஒன்றே ஒன்றுதான். நான் அதை மனப்பாடம் செய்து நல்ல புள்ளி வாங்கினேன். பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு, எங்கள் தெருவில் வெள்ளம் வந்த நாளைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள், என்னால் எழுத முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. வாரக் கடைசியில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து வகுப்பு எடுக்க ஆரம்பித்ததே அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த அட்டவணையை ஆசிரியர்கள் ரூப்ரிக் என்கிறார்கள். செம்மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஏடுகளில் தலைப்புகளையும் விதிகளையும் சிவப்பு மையில் எழுதினார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே மலேசியாவில், ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டில் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை 1 முதல் 6 வரையுள்ள அடைவு நிலைகளில்தான் சொல்கிறார்கள், அதனால் இந்த மாதிரி அட்டவணைகள் பெற்றோர் கண்ணிலும் அடிக்கடி படுகின்றன.

முதலில், சிவப்புப் பேனா ஏன் போதாது? ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பிள்ளை தன் எழுத்தைத் தானே திருத்திக்கொள்ள மூன்று வேண்டும்: நல்ல எழுத்து எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டும், தன் எழுத்தை அதனோடு ஒப்பிடத் தெரிய வேண்டும், இடையில் உள்ள தூரத்தைக் குறைக்க ஏதாவது செய்யத் தெரிய வேண்டும். ஆசிரியர் நோட்டில் "இன்னும் விளக்கமாக எழுது" என்று போடும்போது முதல் இரண்டும் அவர் தலைக்குள் நடந்து முடிந்துவிட்டன. பிள்ளைக்கு வருவது முடிவு மட்டும். எதை எதோடு ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்பது நோட்டில் இல்லை.

அப்படியானால் அட்டவணையை அச்சடித்துக் கையில் கொடுத்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. "கருத்துகளைச் சுவைபட விரித்து எழுதுதல்" என்று ஒரு கட்டத்தில் இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதில் எந்தச் சொல் புரியும்? அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் "பதம் வந்ததும் இறக்கு" என்பார்கள். பதம் என்ற சொல்லை எத்தனை தடவை கேட்டாலும் பதம் தெரியாது. பாட்டி ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு பாகு விடுவார், கரைந்து போகும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு, அது கரையாமல் உருண்டு நிற்கும். இரண்டையும் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வருகிறது. பாட்டி இரண்டு தடவை காட்டினார் என்பதைக் கவனியுங்கள்.

மாதிரிகளையே அளவுகோலாக வைப்பது நூறு வருடத்துக்கு மேல் பழைய யோசனை. 1910-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ன்டைக் பிள்ளைகளின் கையெழுத்துக்கு ஓர் அளவுகோல் செய்தார். மோசமானதிலிருந்து மிக நல்லது வரை உண்மையான கையெழுத்து மாதிரிகளை வரிசையாக அடுக்கினார். ஆசிரியர் பிள்ளையின் தாளை அந்த வரிசையின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போய் எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பார். ஒரு பையைத் தூக்கிப் பார்த்து எத்தனை கிலோ என்று சொல்வது கஷ்டம், இரண்டு பைகளில் எது கனம் என்று சொல்வது சுலபம். அதே கதைதான். ஆனால் அந்த அளவுகோல் ஆசிரியர் கையில் இருந்தது. அதைப் பிள்ளை கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனையைச் சொல்கிறேன், எழுத்துக்கும் அதற்கும் மேலோட்டமாக எந்தத் தொடர்பும் தெரியாது. மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-இலும் 1983-இலும் வெளியிட்ட ஆய்வுகள். ஒரு புதிர் கொடுப்பார்கள். நோயாளியின் வயிற்றில் கட்டி. கதிர் பாய்ச்சினால் கட்டி அழியும், ஆனால் அந்த அளவு கதிர் போகிற வழியில் உள்ள நல்ல சதையையும் அழித்துவிடும். குறைத்துப் பாய்ச்சினால் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. என்ன செய்வது? விடை, பல பக்கங்களிலிருந்து மெல்லிய கதிர்களைப் பாய்ச்சிக் கட்டியில் மட்டும் ஒன்றுசேர வைப்பது. இந்தப் புதிருக்கு முன்னால் சிலருக்கு ஒரு கதை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு தளபதி கோட்டையைப் பிடிக்க வேண்டும், எல்லாச் சாலைகளிலும் கண்ணிவெடி, சிறு கூட்டம் போகலாம், பெரும்படை போனால் வெடிக்கும். அவர் படையைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து எல்லாச் சாலை வழியாகவும் ஒரே நேரத்தில் கோட்டைக்கு வரச் செய்கிறார். விடை அப்படியே கதைக்குள் இருக்கிறது! இருந்தும், கதையைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லாதவரை, பெரும்பாலோர் அதைக் கட்டியோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. அவர்கள் மனதில் தங்கியது தளபதி, கோட்டை, சாலை.

அடுத்து அவர்கள் செய்ததுதான் அழகு. ஒரு கதைக்குப் பதில் இரண்டு கதை கொடுத்தார்கள். தளபதி ஒன்று, எண்ணெய்க் கிணற்றுத் தீயைச் சுற்றி நின்று பல சிறு குழாய்களால் அணைப்பது இன்னொன்று. இரண்டும் எந்த விதத்தில் ஒத்திருக்கின்றன என்று எழுதச் சொன்னார்கள். அதன் பிறகு புதிரைக் கொடுத்தபோது, யாரும் குறிப்புக் கொடுக்காமலே விடையைப் பிடித்தவர்கள் கூடினார்கள். ஒரே கதையை வாசித்தவருக்கு அதில் எது முக்கியம், எது அலங்காரம் என்று தெரிய வழியே இல்லை. கோட்டையும் முக்கியம் மாதிரித்தான் இருக்கும். இரண்டாவது கதை வந்ததும் கோட்டை உதிர்ந்து போகிறது, ஏனென்றால் அங்கே கோட்டை இல்லை. எண்ணெயும் உதிர்கிறது. மிஞ்சுவது "சிறியதாகப் பிரி, பல பக்கமிருந்து சேர்" என்ற எலும்பு மட்டும். மாம்பழத்தையும் பலாவையும் பக்கத்தில் வைத்தால்தான் பழம் என்ற எண்ணம் பிறக்கிறது, தனி மாம்பழம் வெறும் மாம்பழம்தான்.

எங்கள் வகுப்பின் பேனாக்கள் ஏன் ஒரே ஊரில் பிறந்தன என்பது இப்போது புரியும். ஒரே மாதிரியைக் காட்டினார்கள், அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அதனால் தொழிற்சாலையின் பெயர் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் காப்பியடிப்பது சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை.

மாதிரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. வகுப்புக்காக நானே எழுதிய இரண்டு இதோ. தலைப்பு, தண்ணீர்மலைத் தைப்பூசம்.

அ: "நான் என் குடும்பத்துடன் தைப்பூசத்திற்குச் சென்றேன். அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். இரதம் மிகவும் அழகாக இருந்தது. நாங்கள் சாமி கும்பிட்டோம். பிறகு வீடு திரும்பினோம். எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது."

ஆ: "இரதம் வரும் முன்னே தேங்காய் உடைக்கும் சத்தம் வந்தது. சாலையில் தேங்காய் தண்ணீர் ஓடியது. என் சிலிப்பர் வழுக்கியது. கீழே பார்த்து நட என்று அப்பா கையை பிடித்தார். நான் இரதத்தைதான் பார்த்தேன்."

அ-வில் ஒரு பிழையும் இல்லை. ஆ-வில் மூன்று இடங்களில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது, வேண்டுமென்றே விட்டேன். முதல் தடவை இப்படிச் செய்யாமல், சுமாரான கட்டுரையில் பிழைகளையும் நல்ல கட்டுரையில் சுத்தமான தமிழையும் வைத்திருந்தேன். "என்ன வித்தியாசம்?" என்று கேட்டதும் பிள்ளைகள் எல்லோரும் பிழைகளைத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி, கண்ணில் முதலில் படும் வித்தியாசம் அதுதான். நான் காட்ட நினைத்ததை அந்தப் பிழைகள் மறைத்துவிட்டன. மாற்றி வைத்த பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், இதுல சத்தம் கேக்குது" என்றாள். இன்னொருவன், "அது எந்தக் கோயிலுக்குப் போனாலும் எழுதலாம், இது அங்க போனவந்தான் எழுத முடியும்" என்றான். "சுவைபட விரித்து எழுதுதல்" என்ற கட்டத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் வாசித்ததில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே அவர்கள் வார்த்தையில் பலகையில் எழுதினேன். ரூப்ரிக் அங்கேதான் பிறந்தது. ஒற்றைப் பற்றி அப்புறம் தனியாகப் பேசினோம்.

இதே வரிசையை ஒழுங்காகச் சோதித்தவர் ஹைடி ஆண்ட்ராட். அமெரிக்காவில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 116 பேரை வைத்து அவரும் குழுவினரும் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகள் ஒரு மாதிரிக் கட்டுரையைப் படித்து, அதில் எது நன்றாக இருக்கிறது என்று தாங்களே பட்டியல் போட்டு, பிறகு எழுதப்பட்ட ரூப்ரிக்கை வாங்கி, அதை வைத்துத் தங்கள் முதல் வரைவைப் பார்த்தார்கள். மறுபகுதியும் பட்டியல் போட்டது, தங்கள் வரைவைப் பார்த்தது, ஆனால் மாதிரியும் இல்லை, ரூப்ரிக்கும் இல்லை. முதல் பகுதியின் கட்டுரைகள் மேலாக இருந்தன. அங்கே மாதிரி ஒன்றுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் அதைப் பார்த்து எழுதச் சொல்லவில்லை, அதிலிருந்து குணங்களைப் பிரித்தெடுக்கச் சொன்னார்கள். அடுத்து அதை வைத்துத் தங்கள் வரைவைப் பார்த்தபோது ஒப்பிடுவதற்கு இரண்டாவது கட்டுரை அவர்கள் கையிலேயே இருந்தது.

தன் வரைவைத் தானே பார்ப்பது சுலபமில்லை. எழுதியவனுக்குத் தலைக்குள் முழுப் படமும் இருக்கிறது, தாளில் இல்லாததையும் கண் நிரப்பிக்கொள்கிறது. ஆண்ட்ராட்டின் முறை இதற்கு வண்ணப் பென்சிலைப் பயன்படுத்துகிறது. ரூப்ரிக்கில் "கருத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்" என்ற வரியை நீலத்தில் அடிக்கோடிடு. இப்போது உன் கட்டுரையில் அந்தக் கருத்து இருக்கும் இடத்தை அதே நீலத்தில் அடிக்கோடிடு. இடமே இல்லையென்றால், அடுத்த வரைவில் சேர்க்க வேண்டும் என்று உனக்கே ஒரு குறிப்பு எழுதிக்கொள். "இருக்கிறதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "இருக்கு" என்றுதான் சொல்லும். "எங்கே இருக்கிறது, கோடு போடு" என்றால் பென்சில் தாளின் மேல் அலைகிறது, நிற்க இடமில்லாமல் போகிறது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இங்கே பிள்ளை தனக்குத்தானே புள்ளி போடுவதில்லை, அது முக்கியம். புள்ளி வந்துவிட்டால் கோடு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

அம்மாவின் முதல் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. அந்த அட்டவணை சோதனைத் தாளின் விடை இல்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு: ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் 2007-இல் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களின் எழுத்தைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மாதிரிகளைப் படிக்க வைப்பது மட்டும் தந்த பலன் 0.25. கட்டுரை எதை அடைய வேண்டும் என்று குறிப்பான இலக்கைக் கொடுத்து எழுத வைத்தது தந்த பலன் 0.70. சாதாரண மொழியில், நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளையை முதலாவது கீழிருந்து 60-ஆவது இடத்துக்கும், இரண்டாவது 76-ஆவது இடத்துக்கும் நகர்த்துகிறது. இலக்கணத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது கீழே இழுத்தது. இதற்கு முன்பே, 1986-இல், ஜார்ஜ் ஹில்லக்ஸ் போட்ட கணக்கிலும் மாதிரிகளை வெறுமனே காட்டுவதைவிட, அளவுகோலை வைத்து மாதிரிகளை எடைபோட வைப்பது மேல் என்றுதான் வந்தது.

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளிடம் நடந்தவை. வீட்டில் ஒரு தமிழ் பேசி, நோட்டில் வேறொரு தமிழ் எழுதி, நடுவில் மலாயும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைக்கு இதே எண்கள் பொருந்துமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். பினாங்கில் தமிழ் வகுப்பு 1816-லேயே தொடங்கிவிட்டது என்று 2016-இல் இருநூறு ஆண்டு விழா கொண்டாடினோம், மகிழ்ச்சிதான். உப்சி, யு.எஸ்.எம். போன்ற ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு முதுகலை மாணவருக்குப் பத்துப் பள்ளிகளில் இதைச் சோதிக்கப் பணம் கொடுத்தால் அது ஒரு விழா மேடைச் செலவைவிட அதிக காலம் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விஜயதசமியில் அரிசியில் எழுத வைக்கிறோம், தேர்வுக்கு முன் பேனாவைச் சாமி படத்தின் முன் வைக்கிறோம், அதில் எனக்கு மனக்குறை இல்லை, நானும் செய்வேன். ஆனால் "எழுத்து பிறவியிலேயே வரணும், இவனுக்கு வராது" என்று பிள்ளை காதுபடச் சொல்கிறோமே, அந்த மூடநம்பிக்கைதான் என்னைக் கோபப்படுத்துகிறது. வராது என்று சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தப் பிள்ளை முன்னால் இரண்டு கட்டுரைகளை வைத்து எது உனக்குப் பிடிச்சிருக்கு என்று கேட்டிருப்பார்கள்?

பட்டர்வொர்த் அம்மாவுக்கு: டீச்சர் செய்வது நல்ல காரியம். ஒட்டுகிற கட்டுரைகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றனவா என்று மட்டும் மகனிடம் கேளுங்கள். வீட்டில் செய்ய வேண்டுமென்றால் அவனுடைய பழைய நோட்டிலிருந்து இரண்டு கட்டுரைகளை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், புள்ளி போட்ட இடத்தை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். எதில் உனக்குக் காட்சி தெரிகிறது என்று கேளுங்கள். பச்சைப் பென்சில் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். அவன் ஒரு வரியைக் காட்டியதும் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், கோட்டை அவனே போடட்டும்.